மூன்று கிலோ கேழ்வரகும் ஒரு கடுகும்: “என் உடம்பு வாகா மேடம்?” என்று கேட்பவருக்கு எப்படிப் பதில் சொல்வது

பாலக்கோட்டுக்காரி நான். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் மாறி மாறி, முதலில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்திலும் பிறகு எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான கூட்டு மருந்து சிகிச்சை மையத்திலும் ஆலோசனை சொல்லும் கவுன்சிலராகப் பதினேழு வருஷம் ஓடிவிட்டது. ஆரம்பத்தில் எதிர் நாற்காலியில் வந்து உட்காருகிறவர் கேட்ட முதல் கேள்வி, “இன்னும் எத்தனை நாளைக்கு மேடம்?” இப்போது அது அநேகமாக வருவதில்லை. மாத்திரை வேலை செய்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இப்போது வருவது வேறு.

“அவருக்கும் எனக்கும் ஒரே மாத்திரைதானே? அவருக்கு ஆறு மாசத்துல கிருமி தெரியலைன்னு வந்துடுச்சு. எனக்கு மட்டும் ஏன் இன்னும் காட்டுது? என் உடம்பு வாகா?”

போனும் கையுமாக வரும் பையன்கள் இன்னொரு படி மேலே போவார்கள்: “ஜெர்மனியில ஒருத்தருக்கு ஜீனை மாத்திக் குணமாக்கிட்டாங்களாமே, நமக்கு வராதா?”

இந்தக் கேள்விகளை எப்படிக் கையாள்வது என்று, புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். களப்பணியாளர்களுக்கும், வீட்டில் ஒருவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்களுக்கும் ஆகும். தேவையான சாமான்: மூன்று கிலோ கேழ்வரகு, ஒரே ஒரு கடுகு. கிண்டல் இல்லை, வருகிறேன்.

வாயைத் திறக்கும் முன்

அறையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு முறை, மகனுக்குத் துணையாக வந்த அம்மாவை வைத்துக்கொண்டே நான் “மரபணு” என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா காதில் அது “பரம்பரை” என்று விழுந்தது. முகம் வெளுத்து, “அப்ப எம் பொண்ணுக்கும் இருக்குமா? தையில நிச்சயம் வெச்சிருக்கோமே” என்றார். மகனுக்கு நோய் இருப்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் தப்பித்தேன். மகனின் ஒப்புதல் இல்லாமல் வீட்டாரிடம் சொல்வது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படியே தவறு.

அன்றிலிருந்து என் முதல் வாக்கியம் மாறவே மாறாது: “இது பரம்பரையா வர்ற நோய் இல்லீங்க. கிருமி வெளியிலிருந்து வந்தது.” தாயிடமிருந்து குழந்தைக்கு வருவதுகூடக் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் கிருமி போவதால்தான், மரபணு வழியாக அல்ல. இதைச் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகு மற்றதைப் பேசுங்கள்.

அடுத்து, எதற்காகக் கேட்கிறார் என்று பாருங்கள். இதில்தான் நான் பெரிதாக வழுக்கினேன்.

2019 மாங்காய் சீசன். கிருஷ்ணகிரியிலிருந்து லோடு ஏற்றிப் போகும் ஓட்டுநர் ஒருவர், நாற்பது வயது இருக்கும். ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையில் கிருமி தெரியவில்லை என்று வந்திருந்தது. நான் அப்போதுதான் ஒரு பயிற்சி முடித்து வந்திருந்தேன். படித்ததை யாரிடமாவது கொட்டவேண்டும் என்ற அரிப்பு. “சிலருக்கு எச்எல்ஏ-பி57னு ஒரு மரபணு ரகம் இருக்கும், மருந்தே இல்லாமல் கிருமியை அடக்கி வெச்சிருப்பாங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு போனார். அடுத்த மாத்திரைக்கு வரவில்லை. தேடிப்பிடித்தபோது சொன்னார்: “எனக்குத்தான் கிருமியே தெரியலையே மேடம். என் உடம்பு அந்த ரகம்னு நெனச்சு விட்டுட்டேன்.”

அவருக்குக் கிருமி தெரியாமல் போனது மாத்திரையால். விட்டபின் எடுத்த பரிசோதனையில் எண்ணிக்கை ஐந்து இலக்கத்துக்குப் போயிருந்தது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் கிருமி ரத்தத்தில் திரும்பிவிடும். நல்லவேளை, மறுபடி தொடங்கி அடங்கியது. அந்தக் குற்றம் என்னுடையது, அவருடையது அல்ல. ஆகவே மரபணு பற்றி என்ன சொன்னாலும், அதற்கு முன்னாலேயே “மாத்திரையை விட்டுப்பார்க்கலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை” என்று சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் காதில் ஏறாது.

கேழ்வரகை எடுங்கள்

“கிருமி தெரியலைன்னு ரிப்போர்ட் வருது, அப்புறம் எதுக்கு ஆயுசுக்கும் மாத்திரை?” இந்தக் கேள்வியைக் கடக்காமல் மரபணுவுக்குப் போக முடியாது.

எச்.ஐ.வி. ரத்தத்தில் மிதப்பதோடு நிற்பதில்லை. சிடி4 என்ற வெள்ளணுவுக்குள் போய், தன் எழுத்தை அந்தச் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே சொருகிவிடுகிறது. (இங்கே உடனே ஒருவர் கேட்பார்: “அப்ப அது பிள்ளைக்கும் போகுமா?” போகாது. சொருகுவது வெள்ளணுவில், விந்தணு, கருமுட்டையின் டிஎன்ஏவில் அல்ல.) அப்படிப்பட்ட செல்களில் சில வேலையை முடித்துவிட்டுத் தூங்கப் போகின்றன. உள்ளே கிருமியும் தூங்கும். நம் மாத்திரை, கிருமி புதிதாகப் பெருகுவதைத் தடுக்கும், தூங்குவதைத் தொடாது. தூங்கும் இந்தச் சேமிப்பு இருக்கிறது என்பதை 1997இல் அமெரிக்காவில் மூன்று குழுக்கள் தனித்தனியாகக் காட்டின.

எவ்வளவு இருக்கும்? ஓய்வில் இருக்கும் சிடி4 செல்களில், மறுபடி பெருகும் திறன் உள்ள கிருமி இருப்பது ஏறக்குறைய பத்து லட்சத்துக்கு ஒன்று. பத்து லட்சம் என்று வாயால் சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆயிரம் கேழ்வரகு எண்ணி, பக்கத்துக் கடை நகைத் தராசில் போட்டேன். மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியானால் பத்து லட்சம் மணி என்பது மூன்று கிலோவுக்குச் சற்றுக் கீழே. அந்தப் பையை மேஜைமேல் வைத்து, அவர் கையாலேயே ஒரு கடுகைப் போடச் சொல்லி, கலக்கிவிட்டு, “எடுங்க பார்க்கலாம்” என்பேன். களி கிண்டி வளர்ந்த ஊர். கேழ்வரகில் கடுகு பொறுக்குவது என்ன பாடு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் இந்தச் சேமிப்பு பாதியாகக் குறைய சுமார் 44 மாதம் ஆகிறது, அந்த வேகத்தில் முழுதும் தீர எழுபது வருஷத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தூங்கும் செல் தானாக இரண்டாகப் பிரியும்போது உள்ளே இருக்கும் கிருமி எழுத்தும் கூடவே பிரதியாகிறது. கடுகு குட்டி போடுகிறது என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

மூட்டையும் குத்தூசியும்

இனி மரபணு. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், நிதானமாகப் போங்கள்.

மண்டிக்கு மூட்டை கொண்டுபோனவர்களுக்குக் குத்தூசி தெரியும். வியாபாரி மூட்டையை அவிழ்க்க மாட்டார். குத்தூசியை இறக்கி ஒரு கைப்பிடி சாம்பிள் எடுத்துப் பார்த்தே விலை சொல்வார். நம் உடம்பில் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் அப்படித்தான். உள்ளே தயாராகும் புரதங்களின் துண்டுகளை எடுத்து வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். காட்டும் வேலையைச் செய்வது எச்எல்ஏ மரபணுக்கள் தரும் புரதம். எதிர்ப்புச் செல் வந்து பார்த்து, சாம்பிளில் கிருமித் துண்டு தெரிந்தால் அந்தச் செல்லையே அழித்துவிடும்.

குத்தூசி ஆளுக்கு ஆள் வேறு. எந்தத் துண்டை எடுத்துக் காட்டும் என்பது எச்எல்ஏ ரகத்தைப் பொறுத்தது. பி57, பி27 ரகங்கள் காட்டும் துண்டுகள், கிருமியால் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத இடத்துத் துண்டுகள். மாற்றினால் அதற்கே பலம் குறையும். அதனால் அந்த ரகக்காரர்களில் சிலர் சிகிச்சைக்கு முன்பே கிருமியை நன்றாகக் கட்டுப்படுத்துகிறார்கள். பி35 ரகத்தில் சில, இதற்கு நேர்மாறாக, நோய் வேகமாக முற்றுவதோடு தொடர்புடையவை. சிகிச்சை எடுக்காத நிலையில் ஆளுக்கு ஆள் வைரல் லோடு வேறுபடுவதில் சுமார் கால் பங்கை நம் மரபணு விளக்குகிறது என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. கால் பங்கு சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இங்கேதான் திருப்பம். இதை விட்டுவிட்டுச் சொன்னதால்தான் ஓட்டுநர் விஷயத்தில் கெட்டேன். தூங்குகிற செல்லில் கிருமி புரதமே தயாரிப்பதில்லை. மூட்டைக்குள் சரக்கு இல்லாதபோது குத்தூசி எவ்வளவு நல்லதாக இருந்தால் என்ன, சாம்பிளில் ஒன்றும் வராது. சிகிச்சைக்கு முன் உதவிய அதே மரபணு, சிகிச்சை காலத்தில் தூங்கும் கிருமியிடம் பெரும்பாலும் கைகட்டி நிற்கிறது.

சுவிட்சர்லாந்தில் சிகிச்சையில் இருக்கும் சுமார் 800 பேரின் முழு மரபணுவையும் அலசி, அவர்கள் ரத்தத்தில் மிச்சமிருக்கும் கிருமி டிஎன்ஏ எவ்வளவு, அது வருஷ வாக்கில் எவ்வளவு குறைகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இவ்வளவுதான் காரணம் என்று விரல் நீட்டும்படி எந்த ஒரு மரபணு மாற்றமும் தேறவில்லை. அதே நாட்டு ஆய்வில் தெளிவாகத் தெரிந்தவை வேறு: சிகிச்சைக்கு முன் வைரல் லோடு எவ்வளவு இருந்தது, எவ்வளவு சீக்கிரம் மாத்திரை தொடங்கினார், நடுவில் கிருமி தலைகாட்டியதா. இது ஐரோப்பியர்களிடம் நடந்தது. நம்மிடம் பரவியிருக்கும் சி வகைக் கிருமியும் அங்கே அதிகமுள்ள பி வகையும் வேறு. அப்படியே தூக்கிவந்து பென்னாகரத்தில் வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் “உன் ஜீன்தான் காரணம்” என்று அடித்துச் சொல்லும் யாரையும் நான் நம்புவதில்லை.

சீக்கிரம் தொடங்குவது ஏன் முக்கியம் என்றால், சேமிப்பு அவ்வளவு வேகமாக விழுகிறது. குரங்குகளில் தொற்றிய மூன்றே நாளில் மாத்திரை கொடுத்தும் சேமிப்பு உருவாகிவிட்டிருந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் 2010இல் பிறந்த குழந்தைக்குப் பிறந்து 30 மணி நேரத்தில் சிகிச்சை தொடங்கினார்கள். பிறகு மருந்து நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் கிருமி தெரியவில்லை. 2014இல் திரும்பி வந்தது. கடுகு ஒன்று எங்கோ இருந்திருக்கிறது.

மருந்தில்லாமல் அடக்குபவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. அவர்களில் 64 பேரை 2020இல் ஆராய்ந்தபோது, பெருகும் திறன் உள்ள கிருமி, டிஎன்ஏவில் ஆள் நடமாட்டமில்லாத இடங்களில், முளைக்க முடியாத தரிசில் ஒதுங்கியிருந்தது தெரிந்தது. அவர்கள் எதிர்ப்புச் சக்தி வருஷக்கணக்கில் மற்றதைக் களைந்ததன் மிச்சம் அது என்று கருதுகிறார்கள்.

ஜெர்மனிக்காரர் கதை

திமோத்தி ரே பிரவுன். அமெரிக்கர், பெர்லினில் இருந்தார். எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் வந்தது. 2007இல் அவருக்கு எலும்பு மஜ்ஜைத் தண்டுசெல் மாற்றினார்கள். கொடுத்தவர் சிசிஆர்5 என்ற மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டவர்.

கையில் காகிதம் இருந்தால் திண்ணை வைத்த வீடு ஒன்று வரையுங்கள். வீடு என்பது வெள்ளணு. கிருமி முதலில் அதன் மேலுள்ள சிடி4 என்ற திண்ணையில் வந்து உட்காரும். உள்ளே போக சிசிஆர்5 என்ற நிலைவாசல் வேண்டும். அந்த 32 எழுத்து அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் விடுபட்டவர்களுக்கு வாசலே கட்டப்படவில்லை. ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஒருவர் அப்படி. நம் பக்கத்தில் மிக மிக அரிது. பிரவுன் எச்.ஐ.வி.யிலிருந்து விடுபட்டார், 2020இல் புற்றுநோய் திரும்பி இறந்தார்.

இதோடு நிறுத்தினால் பையன் கண்ணில் ஆசை மின்னும். ஆகவே எசன் நகரத்துக்காரரையும் சொல்லுங்கள்: அதே மாதிரி மாற்று செய்தும், அவர் உடம்பிலிருந்த கிருமியில் ஒரு பகுதி சிஎக்ஸ்சிஆர்4 என்ற கொல்லைவாசல் வழியாகப் போகத் தெரிந்தது, சில வாரத்தில் திரும்பிவிட்டது. ஜெனீவாவில் ஒருவருக்கோ, வாசல் ஒழுங்காக இருந்தவரின் செல்லைக் கொடுத்தும் மருந்தில்லாமல் கிருமி தெரியவில்லை என்று 2023இல் அறிவித்தார்கள். இந்த சிகிச்சை எல்லாமே உயிரைப் பறிக்கும் ரத்த நோய்க்காகச் செய்தது. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரையில் நன்றாக இருப்பவருக்கு யாரும் செய்ய மாட்டார்கள். இதை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுங்கள். இழுத்தால் மாத்திரைப் பேச்சு அடிபட்டுப்போகும்.

மரபணு உண்மையில் எங்கே இடிக்கிறது

நம் மேஜையில் மரபணு நேராக முகம் காட்டுவது மருந்தில்.

முன்பு இரவில் கொடுத்த கூட்டு மாத்திரையில் எஃபாவிரென்ஸ் இருந்தது. பென்னாகரம் பக்கத்துத் தம்பதி. அவருக்கு அவள் அக்கா மகள். அவர் மாத்திரை போட்டுவிட்டுக் குறட்டை விடுவார். அவளுக்குத் தலைசுற்றல், தினமும் கிணற்றில் விழுகிற கனவு. “ஒரே ரத்தம், ஒரே மாத்திரை, இவளுக்கு மட்டும் நடிப்பு” என்றார் மாமன். நடிப்பு இல்லை. அந்த மருந்தைக் கல்லீரலில் உடைப்பது சிஒய்பி2பி6 என்ற நொதி. அதன் மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருந்தால் மருந்து மெதுவாக உடையும், ரத்தத்தில் அளவு ஏறும். தென்னிந்திய நோயாளிகளிடமே இதைச் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தார் 2009இல் காட்டினார்கள். தாய்மாமன் ஆனாலும் எல்லா எழுத்தும் ஒன்றாகவா இருக்கும்?

அவள் கனவுக்குப் பயந்து வாரத்தில் இரண்டு நாள் மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்திருக்கிறாள். பாருங்கள், மரபணு கிருமியை நேரே தொடவில்லை. கனவு வழியாக, தலையணை வழியாகச் சுற்றிவந்து கிருமிக்கு இடம் கொடுத்தது. இப்போது பெரும்பாலோர் டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரைக்கு மாறிவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. என்றாலும் “உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?” என்று எந்தப் பக்கவிளைவையும் சந்தேகமாகக் கேட்காதீர்கள்.

இன்னொன்று அபாகாவிர். எச்எல்ஏ-பி57இல் 01 என்ற உட்பிரிவு உள்ளவர்களில் பலருக்கு இந்த மருந்து கடுமையான ஒவ்வாமையைத் தரும். முன்கூட்டியே ரத்தம் சோதித்துப் பார்த்தால் தவிர்க்கலாம் என்று 2008இல் உறுதியானது. கிருமியை அடக்க உதவும் அதே ரகம்தான், இந்த மருந்தைக் கண்டால் வீட்டுக்காரனையே கடிக்கிறது. இதைத் தொடங்கும் குழந்தையின் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியது: முதல் ஆறு வாரத்தில் காய்ச்சலோடு தடிப்பு, வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் இதில் இரண்டு சேர்ந்து வந்தால் அன்றே வரவேண்டும். ஒவ்வாமை என்று சொல்லி டாக்டர் நிறுத்தினால், மிச்ச மாத்திரையைப் பிறகு எப்போதும் கொடுக்கக் கூடாது. இரண்டாவது முறை உயிருக்கே ஆபத்து. நான் பாட்டிலைத் திரும்ப வாங்கிவிடுவேன்.

“எனக்கு மட்டும் ஏன்?” என்பவரிடம் கேட்க வேண்டியவை

மரபணுவைக் கடைசியில் வையுங்கள். ஆரம்பத்தில் வைரல் லோடு எவ்வளவு? லட்சக்கணக்கில் இருந்தவருக்கு இறங்க நாளாகும். பக்கத்து நாற்காலிக்காரர் ஆயிரக்கணக்கில் தொடங்கியிருப்பார். காசநோய் மருந்து சாப்பிடுகிறாரா? ரிஃபாம்பிசின் இருந்தால் டோலுடெக்ராவிரை ஒரு நாளைக்கு இரண்டு வேளை கொடுக்க வேண்டும். டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து? டோலுடெக்ராவிரை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை தின்னும் பெண்கள் இங்கே வீட்டுக்கு வீடு. இதைக் கேட்காமல் விட்டு நானே இரண்டு பேரை அலைய வைத்திருக்கிறேன். நாட்டு மருந்து உண்டா என்று திட்டாத குரலில் கேளுங்கள்.

பிறகு மாத்திரை எண்ணிக்கை. “எத்தனை விட்டீங்க?” என்று கேட்டால் “விடவே இல்ல மேடம்.” “ஓசூருக்கு வேலைக்குப் போறப்ப ரூம்ல மாத்திரையை எங்க வெக்கிறீங்க?” என்று கேட்டால் உண்மை வரும். வைரல் லோடு 1000க்கு மேல் இருந்தால் மூன்று மாதம் கூடுதல் ஆலோசனை, மறுபரிசோதனை. அப்போதும் இறங்கவில்லை என்றால் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிட்டதா என்பது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். ஒரே ஒரு முறை ஐம்பது, நூறு என்று எட்டிப் பார்த்து மறைந்தால் பயமுறுத்தாதீர்கள்.

இவ்வளவும் கேட்டபிறகும் “அப்ப என் உடம்பு வாகு இல்லையா?” என்பார். நான் சொல்வது: “வாகும் கொஞ்சம் இருக்கலாம். உங்க வாகு எதுவானாலும் இந்த மாத்திரைக்கு அடங்கும். அடுத்த தேதி எப்போ?” தேதியை அவர் போனில் அவரே பதியட்டும்.

கேழ்வரகுப் பை பற்றி ஒரு வார்த்தை. தகர டப்பாவில் வையுங்கள். துணிப்பையில் வைத்த முதல் பையை அலமாரி எலி தின்றுவிட்டது. இரண்டாவதை ஸ்டோர் ரூம் அக்கா சுத்தம் என்ற பெயரில் கடுகைத் தேடி எடுத்துவிட்டார். எப்படி எடுத்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.